வாய்க்கால் செய்தியைத் துடைத்த மாப்பிள்ளைக்கு

செஞ்சி,
ஆடிக் கடைசி.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விமல்ராஜ் அவர்களுக்கு மாமனார் பாண்டுரங்கன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் பூங்குழலியும் சுகமாக இருக்க மலையனூர் அம்மனை வேண்டுகிறோம். நம் பத்திரிகையின் இணையதளத்துக்கு நீங்கள் பொறுப்பாளர் ஆனதில் எங்களுக்கு இன்னும் பெருமைதான்.

ஆடி விருந்துக்கு வந்தபோதே கேட்டிருப்பேன். நீங்கள் பாயசத்தில் இருந்தீர்கள். பூங்குழலி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நான் செஞ்சி நிருபராக இருந்தபோது, அவலூர்பேட்டை சாலையில் விநாயகம் என்பவர் பாசன வாய்க்காலை மூடிக் கல்யாண மண்டபம் கட்டியதை எழுதினேன். இணையத்தில் மட்டும் வந்த செய்தி. அதில் விநாயகமே, "வாய்க்கால்தாங்க, யாரு இல்லன்னது? முகூர்த்தம்லாம் முடியட்டும், இடிச்சிக் குடுத்துடறேன்" என்று சொல்லியிருந்தார். இப்போது அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்கிறார். தண்ணீர் வராமல் நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கும் துரைக்கண்ணு, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் காட்ட அந்தச் செய்தியைக் கேட்டு என்னிடம் வந்தார். தேடினால், பழைய செய்திகள் தளத்துக்குப் பாரம் என்று நீங்கள் துடைத்துவிட்டீர்களாம். அந்த முகவரியில் ஒரு நாய்க்குட்டிப் படம் உட்கார்ந்து அழுகிறது. கீழே, 'மன்னிக்கவும், இந்தப் பக்கம் இல்லை.' என் உத்தியோக காலத்துக்கு அலுவலகம் வைத்த நினைவுச்சின்னம் அதுதான். வாய்க்காலை விநாயகம் மூடினார், செய்தியை நீங்கள் மூடினீர்கள். அவருக்காவது மண்டப வாடகை வருகிறது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி மையம் வைத்திருக்கும் ஆனந்தராஜிடம் போனேன். "அழிச்சிட்டா இன்னா சார், எவனாவது காப்பி எடுத்து வெச்சிருப்பான்" என்று, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஒரு வெளிநாட்டுத் தளத்தைத் திறந்தார். அதற்குத் தலைப்பு போதாது, பக்கத்தின் முழு முகவரி வேண்டும். செய்தி வந்த அன்றே அதை உங்கள் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவள் இன்றுவரை திறக்காததால் பத்திரமாக இருந்தது. முகவரியைப் போட்டதும் ஒரு காலண்டர் வந்தது. "நீல வட்டம் போட்ட தேதியில எல்லாம் காப்பி இருக்குது சார்" என்றார். முதல் வட்டத்தில் நகைக்கடை விளம்பரம் மட்டும் இருந்தது. கடைசி வட்டத்தில் அதே நாய்க்குட்டி. நடுவில் இருந்ததில்தான் செய்தி வந்தது: படத்துக்குப் பதில் வெறும் கட்டம், ஆனால் விநாயகம் சொன்னது ஓர் எழுத்துக் குறையாமல். முன்பின் தெரியாதவர்கள், தமிழ் தெரியாதவர்கள், காசு வாங்காமல் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அந்தச் செய்தியைக் குறைதீர் கூட்டத்துக்கு முன் நம் தளத்தில் திரும்ப ஏற்றித் தாருங்கள். பெண் கொடுத்த இடத்துக்கு இதற்கு மேல் எழுதக் கூடாது.

நீங்கள் இருவரும் யாராலும் நீக்கப்படாமல் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
பாண்டுரங்கன்

பி.கு.: உறையை ஒட்டும்போது துரைக்கண்ணு வந்தார். ஆனந்தராஜ் அச்செடுத்துக் கொடுத்ததை நீட்டினேன், வாங்கவில்லை. "அத்த உட்டுடுங்க சார். விநாயகம் பொண்ணு நிலாவ எம் பையன் இளவரசனுக்குப் பேசி முடிச்சிட்டோம். சம்பந்தி பேரு நெட்ல கெடந்தா நல்லாவா இருக்குது? அந்த வெளிநாட்டுக்காரன்கிட்டயும் சொல்லி எடுத்துடுங்க" என்றார். பெண் எடுத்த இடத்தைப் பற்றி அவர் வேறு என்ன சொல்வார்? ஆகவே மேலே கேட்டதை விட்டுவிட்டு, அங்கே எப்படி அழிப்பது என்று விசாரித்துச் சொல்லுங்கள்; உங்களுக்குப் பழகிய வேலை. கல்யாணம் அதே மண்டபத்தில். ஆவணியிலேயே வைத்துவிட்டார்கள், ஐப்பசி என்றால் பந்தியில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுமாம்.