பைப்பு நைனாவும் கொதித்த வீடும்

பட்டாபிராமில் பைப்பு நைனாவைப் பார்த்து நடுங்காத இரும்பே கிடையாது. அது யுத்த காலம். மிலிட்டரி டிப்போவில் அவர் ஃபிட்டர், நான் குமாஸ்தா. எந்தக் குழாய் ஒழுகினாலும் அதில் காதை வைத்துக் கேட்பார். "இன்னாடா கொயுப்பா உனுக்கு?" என்று ஓங்கி ஒரு அறை விடுவார். ஒழுகல் நின்றுவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன்.

அந்த மார்கழியில் என் மனைவி எஸ்தருக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்தது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். "அறை கதகதப்பா இருக்கணும். குளிர்ந்தாலும் ஆபத்து, சூடு ஏறினாலும் ஆபத்து" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேதி கேட்ட நைனா, பழைய குழாய்களோடு வந்து இறங்கிவிட்டார். கொல்லையில் இருந்த வெந்நீர் பாய்லரில் குழாயை மாட்டி, அறையைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி பாய்லரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"சுடுதண்ணி சுத்திக்கினே இருக்கும் மச்சான். கொயந்த சொகமா தூங்கும், பாரு."

முதல் நாள் அப்படித்தான் தூங்கியது. மறுநாள் காலை அறைக்குள் கால் வைத்தேன், செங்கல் சூளை! ஜெபத்துக்கு வைத்திருந்த மெழுகுவத்தி எங்களுக்கு முன்னால் மண்டி போட்டிருந்தது. குழந்தை சிவந்து, பால் குடிக்காமல், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"வெளியில பனி, உள்ள நெருப்பு. என் பிள்ளைய எங்கங்க வைப்பேன்?" என்று எஸ்தர் கதறினாள்.

நைனா ஓடி வந்தார். வால்வை மூடினார். சூடு குறையவில்லை. பாய்லர் நெருப்பை அவித்தார். ஊஹூம். குழாயைக் கழற்றித் தண்ணீர் முழுவதையும் கொல்லையில் விட்டார். அப்புறம் குழாயில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், பைப்பு ஆறிப்போச்சு. ஊடு இன்னும் கொதிக்குது. எனுக்கு பயமா கீதுபா."

அவரே பயந்தால் நான் எங்கே போவேன்? அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

நைனா தரையில் குப்புறப் படுத்து, கட்டிலில் தொங்கிய கம்பளியை விலக்கித் தலையை நுழைத்தார். "அய்யோ!" என்று மீசை பொசுங்க வெளியே வந்தார். உள்ளே மூன்று தணல் சட்டிகள்! பிள்ளை பெற்றவள் கட்டிலடியில் தணல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குழாய் வந்தாயிற்று, தணல் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் எனக்குத் தெரியாமல் மாமியார் ஒன்று வைத்தார். மாமியாருக்குத் தெரியாமல் என் அக்கா ஒன்று. இருவருக்கும் தெரியாமல் எதிர்வீட்டம்மா ஒன்று.

"பைப்ப நம்பி பச்சப்புள்ளய உடுவாங்களா?" என்றார் மாமியார், கொஞ்சமும் கூசாமல்.

நைனா இடுக்கி தேடக்கூட நிற்காமல், மூன்றையும் வெறுங்கையால் தூக்கிக் கொல்லையில் எறிந்தார். ஜன்னலைத் திறந்தார். மெல்லச் சூடு இறங்கியது. பிறகு குழந்தை வீலென்று கத்தியது. எஸ்தர் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

அதற்கப்புறம் நாற்பது நாளும் டூட்டிக்குப் போகிற வழியில் நைனா வந்துவிடுவார். "தூக்கிக்கோங்கண்ணா" என்பாள் எஸ்தர். கட்டுப் போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"வாணாம் தங்கச்சி. இதுல எத்த எங்க மூடறதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

தள்ளியே நின்று, குழந்தையின் மூச்சைப் பத்து வரை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் தன் மூச்சை விடுவார். என் கூடப் பிறந்தவர்கள்கூட என் மகளுக்காக அப்படி நின்றதில்லை.