கறுப்பு நான்கு, வெள்ளை நான்கு

இனிமேல் இந்த வீட்டில் நான் பாத்திரம் தேய்க்கப் போவதில்லை. முடிவெடுத்துவிட்டேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைகிற டிசைனர். பேனா மூடியில் ஏன் ஓட்டை, பென்சிலுக்கு ஏன் ஆறு பட்டை, எல்லாம் எனக்கு அத்துப்படி. இவற்றைப் படத்தோடு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதற்குக் கிடைப்பது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணி. சரியாக அந்த நேரம் பார்த்து, "என்னங்க, பாத்திரம்!" என்று மனைவியின் குரல் வரும்.

அவளிடம் அறிவைப் பகிர்ந்துகொள்ளவும் வழியில்லை.

"பேனா மூடியில ஏன் ஓட்டை தெரியுமா? யாராவது முழுங்கிட்டா மூச்சு விடறதுக்கு!"

"ஏன், நான் போடற சாப்பாடு பத்தலையா?"

பதினாறு வருஷமாக இதே கதை. 'நீயும் ஒருநாள் தேயேன்' என்றால் தையல் மெஷினைக் காட்டுவாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தையற்காரி. அதனால் என்ன? நான் மட்டும் ஆபீசில் தூங்கிவிட்டா வருகிறேன்?

நோட்டைப் புரட்டினேன். வழி கிடைத்தது. கறுப்பு வெள்ளைக் காய்கள் வைத்து ஆடும் ஒரு பலகை ஆட்டம் உண்டு. ஜப்பானில் கறுப்புக் காயைத் துளி பெரிதாகச் செய்வார்கள். கறுப்பு சுருங்கித் தெரியும், வெள்ளை பரந்து தெரியும். அளவைக் கொஞ்சம் மாற்றினால்தான் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

அட்டையில் ஒரு சக்கரம் செய்தேன். எட்டுத் துண்டு. கறுப்பு நான்கு, வெள்ளை நான்கு. எண்ணினால் சரிபாதி. அளந்தால் மட்டும் கறுப்பு ஒவ்வொன்றும் ஐம்பது டிகிரி, வெள்ளை நாற்பது. மேலே ஒரு முள்.

"கறுப்பு உனக்கு, வெள்ளை எனக்கு. தினமும் சுத்துவோம். முள்ளு யார் கலர்ல நிக்குதோ அவங்க தேய்க்கணும்."

அவள் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அழகா இருக்குங்க. ஆனா ஜெயிக்கிறவங்களுக்குத் தண்டனையா? நல்லாவா இருக்கு? யார் கலர்ல நிக்குதோ அவங்களுக்கு லீவு. மத்தவங்க தேய்க்கட்டும்."

"அது... அதெப்படி?"

"ரெண்டும் பாதிப் பாதிதானே? எப்படி வெச்சா என்ன?"

வாயைத் திறந்தால் குட்டு உடையும். இருபது நாளில் பதின்மூன்று நாள் தேய்த்தேன். நான் செய்த சக்கரம், எனக்கே துரோகம்! வெளியில் சொல்லி அழக்கூட முடியவில்லை. நோட்டில் ஒரு வரி ஏறவில்லை.

விடுவேனா? ஆபீசிலேயே உட்கார்ந்து புதுச் சக்கரம் செய்தேன். இந்தமுறை வெள்ளை ஐம்பது, கறுப்பு நாற்பது.

"பழசு தண்ணி பட்டு ஊறிப்போச்சு" என்று புதியதை மாட்டினேன்.

அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இழுத்துவிட்டபடி ஒரு நிமிஷம் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு கருணை.

"பாவம், கை எல்லாம் வெந்துபோச்சு உங்களுக்கு. என் விதியால வந்த வினை. நீங்க முதல்ல சொன்ன விதியே இருக்கட்டும். யார் கலரோ அவங்களே தேய்க்கலாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது.

"அக்கிரமம்! இது மோசடி! எப்படிடீ கண்டுபிடிச்சே?"

"எதை?"

"வெள்ளைத் துண்டு பெருசுன்னு!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

"அப்ப முதல் சக்கரத்துல கறுப்பு பெருசு. அப்படித்தானே?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏங்க, கறுப்புப் போட்டா ஒல்லியா தெரிவேனா, வெள்ளை போட்டா குண்டா தெரிவேனான்னு கேக்காத ஆள் ஒருத்தராவது என்கிட்ட துணி தைக்க வந்திருக்காங்களா? உங்க நோட்டையும் பார்த்தேன். இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா?"

சக்கரத்தைக் கழற்றி அலமாரி மேல் போட்டாள். இனி சுற்றல் கிடையாதாம். ஏமாற்றினவரே நிரந்தரமாகத் தேய்ப்பாராம். தீர்ப்பு முடிந்தது. மெஷின் டிராயரிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து நீட்டினாள். கயிறு வைத்த மேலங்கி. பாத்திரம் தேய்க்கும்போது சட்டை நனையாமல் கட்டிக்கொள்வது.

"இது எப்ப தைச்சே?"

"நீங்க முதல் சக்கரம் கொண்டு வந்தீங்களே, அன்னைக்கே. கறுப்புத் துணிதான். தொப்பை தெரியாது."

கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அநியாயம், நிஜமாகவே தெரியவில்லை.