மேசைக்கு அடியில் ஒரு மோட்டார்

"இந்த ஒரு சாயங்காலம் தப்பிச்சுட்டேன்னா, இனி ஜென்மத்துக்கும் ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டேன். இது சத்தியம்!"

வீரசபதம்தான். ஆனால் அப்பா அதைக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குத்துக்காலிட்டுச் செய்தார். அதனால் பாதி சபதம் முழங்காலுக்குள் போய்விட்டது.

அம்மாவின் ரெக்கார்ட் பிளேயரை, "தூசி தட்டித் தரேன்" என்று அப்பா போன வாரம் கழற்றினார். தூசி அப்படியே இருக்கிறது. மோட்டார்தான் போய்விட்டது. கழன்றதையெல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் கூட்டை மேசைமேல் வைத்துத் துணி போர்த்திவிட்டார்.

இன்று பார்த்துப் பெரியம்மா வருகிறார். நாளைக்குக் கடல் தாண்டி, மகன் வீட்டோடு போகிறவர். போகும் முன் ஒரே ஒரு ஆசை. பள்ளி நாளில் அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடிய பாட்டைக் கேட்க வேண்டும். அது உலகத்திலேயே ஒரே ஒரு இசைத்தட்டில்தான் இருக்கிறது. அந்தத் தட்டு இப்போது என் கையில்.

"பயப்படாதே! கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம்," என்றார் அப்பா, ராக்கெட் விடுகிற குரலில். காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் அம்மாவின் தையல் ஊசியை ஒட்டியாயிற்று. ஊசி தட்டின் கோட்டில் ஓடினால் கூம்பு பாடும். தட்டைச் சுற்றுவது? குடைக்கம்பி! வெறும் கூட்டின் நடுவிலிருந்து, மேசையில் வயர் போகும் ஓட்டை வழியாகக் கீழே இறங்கியது. வளைந்த பிடி அப்பா கையில். நான்தான் கூம்பு பிடிக்க வேண்டும்.

காலையில் அப்பாவின் பழைய தட்டு ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை பாகவதர் பாடினார். இரண்டாம் தடவை இருமினார். மூன்றாம் தடவை தட்டில் வெள்ளைக் கோடு விழுந்தது, பாகவதர் விழுந்தே விட்டார்.

"அப்பா, பெரியம்மா பாட்டும் இப்படித்தானே ஆகும்?"

"ஒரு தடவைதானேடி கேக்கப் போறாங்க!"

"அம்மாவுக்கு?"

மேசைக்கு அடியில் குடைப்பிடி சும்மா ஒரு சுற்றுச் சுற்றியது.

அழைப்பு மணி அடித்தது. பெரியம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கண் ஆபரேஷன் ஆனவர், கூம்பு தெரியாது என்று நான் நிம்மதியானேன்.

"மாப்பிள்ளையை எங்கடி காணோம்?"

"முடி வெட்டிக்கப் போயிருக்கார்க்கா," என்றார் அம்மா. "இருக்கிற முடிக்கு எதுக்குத்தான் இவ்வளவு நேரமோ!"

மேசைவிரிப்பு லேசாக ஆடியது.

"காத்து," என்றேன் நான். ஜன்னல் சாத்தியிருந்தது.

பெரியம்மாவின் கையிலிருந்து ஸ்பூன் நழுவி உருண்டு, விரிப்புக்குள் போய்விட்டது. அவர் குனிந்தார். அதற்குள் ஸ்பூன் தானாகவே வெளியே உருண்டு வந்தது.

"தரை சரிவா இருக்குடி."

"ஆமாக்கா, இந்த வீட்டுல எல்லாமே அந்தப் பக்கம்தான் சாயும்," என்ற அம்மா என் பக்கம் திரும்பினார். "போடுடி பாட்டை!"

தட்டை வைத்தேன். நடுவில் ஒட்டிய பெயர்க் காகிதம் கொஞ்சம் கோணலாக இருந்தது, பசை வாசனை வேறு. யோசிக்க நேரமில்லை. மேசைக்காலில் காலால் தட்டினேன். தட்டு சுற்றத் தொடங்கியது. அம்மா பாடிய பாட்டை அம்மாவின் ஊசியாலேயே கீறப் போகிறேன். வேண்டாம் என்று கத்தலாமா? பெரியம்மா கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

ஊசி இறங்கியது. கர்ர்... கர்ர்...

"அனைவரும்... நேராக... எழுந்து நில்!"

அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். அப்பாவின் மண்டை.

"கைகளை... உயரே... தூக்கு!" கூம்புக்குள்ளிருந்து யாரோ ஒரு டிரில் மாஸ்டர் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் கை தளர, மாஸ்டர் "தூ...க்...கூஊ" என்று எருமைபோல இழுத்துப் படுத்தார்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். கண் பளிச்சென்று இருந்தது. "எங்க ஸ்கூல் டிரில் தட்டு! இன்னும் வச்சிருக்கியாடி?"

"இதுக்குத்தான்க்கா வச்சிருந்தேன். ஊசிப்பெட்டியில ஊசி குறைஞ்ச அன்னிக்கே ரெண்டு தட்டோட பேர்க் காகிதத்தையும் மாத்தி ஒட்டிட்டேன்."

அம்மா சமையலறைக்குப் போனார். 'டிக்' என்று ஏதோ சத்தம். இரண்டு சிறுமிகள் பாட ஆரம்பித்தார்கள். ஒரு குரல் முந்தியது, இன்னொன்று மூச்சிரைக்கத் துரத்தியது. கீறலே இல்லை. பெரியம்மா எழுந்து ஓடி, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

விரிப்பை விலக்கி அப்பாவின் தலை வந்தது. "அது... எப்படிப் பாடுது?"

"கட்டிலுக்கு அடியில பெருக்கும்போது செருப்புப் பெட்டி கடகடன்னுச்சு. செருப்பு அப்படிக் கடகடக்காதே! ரேடியோ கடைக்காரர் மோட்டாரை ரிப்பேர் பண்ணி வேற கூட்டுல மாட்டிக் குடுத்துட்டார்," என்றபடி அம்மா திரும்பி வந்தார்.

"நல்லவேளை! அப்போ நான் வெளியே வரலாமா?"

அம்மா டிரில் தட்டை எடுத்துத் திருப்பி வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கூம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"என்னங்க," என்றார் மெதுவாக. மெதுவாகச் சொன்னால்தான் எங்கள் வீட்டில் பயம். "பாட்டு முடியட்டும். அப்புறம் அவ ஊசியைப் பிடிக்கட்டும், நீங்க சுத்துங்க. இன்னும் ஒரு பக்கம் இருக்கு."