பவ்லினாக்கா ஊற்றிய ஈயம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள லோம் நகரத்துத் தேவாலயத்தில் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பாதிரியார். அதே நேரத்தில் பவ்லினாவின் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் நாற்பது பேர். டாக்ஸிக்காரர்கள், தச்சர்கள், படகுத்துறையில் வேலை போனவர்கள், கூடவே ஒரு பல் டாக்டர். படித்தவர் ஒருவராவது நிற்காவிட்டால் மூடநம்பிக்கைக்கு ஒரு களை வராதே.

எல்லோருக்கும் ஒரே வியாதி, ஆன்லைன் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, பொதுவில் ஐந்து சீட்டு. வரம்பு கிடையாது. முன்னால் இருக்கிற காசு மொத்தத்தையும் ஒரே அமுக்கில் கட்டிவிடலாம். கையில் ஏஸ் ஜோடி வந்தால் அதைவிட நல்ல ஆரம்பம் வேறில்லை. அதுவும் தோற்றுப்போனால் மனுஷன் என்ன செய்வான்? யோசிப்பான் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப அப்பாவி. மந்திரிக்கப் போவான்.

குழாய் ரிப்பேர்காரன் ஸ்பாஸும் அப்படித்தான் போனான். மார்ச் மாதம் ஒரே வாரத்தில் மூன்று தடவை அவனுடைய ஏஸ் ஜோடி மண்ணைக் கவ்வியது. லாட்டரிச் சீட்டுக் கடையை மூடிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருந்த பவ்லினா, அவனை முக்காலியில் உட்கார வைத்துத் தலையில் சிவப்புத் துணியைப் போட்டாள். கரண்டியில் ஈயத்தை உருக்கி, அவன் தலைக்கு மேலே பிடித்த தண்ணீர்ச் சட்டியில் ஊற்றினாள். ஸ்ஸ்ஸ் என்றது. காதில் ஊற்றவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

"பாத்தியா தம்பி, எப்படி உறைஞ்சிருக்குன்னு? உன் ஏஸ் மேல பயம் ஏறி உக்காந்திருக்கு."

ஸ்பாஸ் பார்த்தான். உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. பயம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

"இதைக் கழுத்துல கட்டிக்கோ. நல்ல கை வந்தா தொட்டுக்கிட்டு, ஏழுல முடியுற மாதிரி கட்டு. பதினேழு, இருபத்தேழு, முப்பத்தேழு. மட்டமான கைக்கு ஏழைத் தொட்டே, ஈயம் வெடிச்சிரும். நம்பரை யார்கிட்டயாவது சொன்னாலும் வெடிக்கும். அப்புறம், 'டான்யூப்'னு பேர் போட்ட மேஜையில மட்டும்தான் ஆடணும். ஆத்துக்கும் ஈயத்துக்கும் ஒரு உறவு இருக்கு."

கட்டணம் ஐம்பது லெவா. மாதா மாதம் ஈயத்தைப் புதுப்பிக்க இருபது.

பலித்தது! அன்றிலிருந்து ஸ்பாஸின் ஏஸ் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஊரெல்லாம் இதே பேச்சு. என்ன, குளிர்கால விறகுக்கென்று வைத்திருந்த எண்ணூறு லெவாவில் நானூறு போய்விட்டது. ஆனால் அது மற்ற கைகளால் போனது. அதற்கு ஈயம் என்ன செய்யும், பாவம்.

அவன் மனைவி தோப்ரினா நாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள். அக்டோபர் பிறந்ததும் அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இந்த மாசத்துக்குள்ள விறகு இறங்கலன்னா குளிர் முடியுற வரைக்கும் எங்கம்மா வீட்டுலதான்."

ஸ்பாஸுக்கு அந்த வீடு தெரியும். மாமியார் வீட்டில் காலியாக இருப்பது ஒரே ஓர் அறை. அதில் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் குடியிருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அதன் பக்கத்தில் இரண்டு ராத்திரி படுத்தவன் அவன். இப்போது ஐந்து மாதம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு ஏஸ் ஜோடி வந்தது. ஈயத்தைத் தொட்டான், இருபத்தேழு கட்டினான். எதிரே இருந்தவன் பெயர் 'கரடி'. அவன் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினான்.

"ஜெயிச்சிட்டேன்" என்று ஸ்பாஸ் ஈயத்துக்கு முத்தம் கொடுத்தான்.

"எவ்வளவு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோப்ரினா.

"மூணு லெவா. ஆட்டம் தொடங்க மேஜையில போட்ட காசு."

"ஏஸ் ஜோடிக்கு மூணு லெவாவா? யோவ், நல்ல கை எதுக்குய்யா? மட்டமான கைக்காரன் நம்பி வந்து காசைக் கொட்டணும். நீ என்னடான்னா தெருமுனையிலயே ஹாரன் அடிச்சு எல்லாரையும் ஓரம்கட்டிடுற."

"தோக்கலைல்ல. முன்னாடியெல்லாம் தோத்துச்சு."

"ஏழு தடவை மோதினா ஒரு தடவை ஏஸும் தோக்கும். ஜெயிச்ச ஆறு உனக்கு மறந்துபோச்சு. சரி, மத்த கைக்கு இந்தக் கரடி என்ன பண்றான்?"

"மொத்தத்தையும் கட்டி மிரட்டுறான். நான் பயந்து கவுத்துடுறேன்."

"ஏழைப் பாத்தா ஓடுறான். ஏழு இல்லாட்டி மேல பாயுறான். உன் ஏழு அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்பாஸ் போனைக் கவிழ்த்து வைத்தான். "ஏழுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

"ஒரு மணி நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்குக் கண்ணு இருக்கு."

அவன் அவசரமாக ஈயத்தைத் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை.

"நாளைக்கு மட்டமான கைக்கு ஏழு கட்டிப் பாப்போம்" என்றாள் தோப்ரினா.

"ஐயோ, வெடிச்சிரும். அப்படியே கட்டுறதா இருந்தா பவ்லினாக்கா வீட்டுல வச்சுக் கட்டு. வெடிச்சா உடனே ஒட்டவச்சுக்கலாம்."

அதனால்தான் சனிக்கிழமை அந்த நாற்பது பேரோடு இவர்களும் நின்றார்கள். முன்னறையில் இடம் கிடைத்ததும் தோப்ரினா புருஷனுடைய போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பவ்லினா அடுப்படியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் புருஷன் கன்ச்சோ முதுகுவலியோடு மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை என்பது ஊரறிந்த சோகம்.

முதல் கை, ஐந்தும் இரண்டும். தோப்ரினா இருபத்தேழு கட்டினாள். ஸ்பாஸ் காதைப் பொத்திக்கொண்டான். கரடி விலகினான். ஈயம் சும்மா இருந்தது.

அடுத்து ஒன்பதும் மூன்றும். முப்பத்தேழு. கரடி விலகினான். இப்படி ஆறு குப்பைக் கை, ஆறு தடவையும் கரடி ஓட்டம். டாக்ஸிக்காரன் கமென் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது ஒண்ணுத்துக்கும் ஆகாத கையாச்சே."

"அதான் ஜெயிச்சிட்டு இருக்கேன்" என்றாள் தோப்ரினா.

பதினொன்றரைக்கு ஏஸ் ஜோடி வந்தது. அவள் முப்பது கட்டினாள்.

"முப்பத்தேழுடி" என்று ஸ்பாஸ் அவள் கையைப் பிடித்தான். அவள் தட்டிவிட்டாள்.

கரடி பாய்ந்தான். நானூறு லெவா, மொத்தமும். ஸ்பாஸின் மூக்கில் முட்டைக்கோஸ் வாடை ஏறியது.

"விட்டுடு தோப்ரினா. மிச்சமிருக்குறதும் போயிரும்."

"போகலாம். ஏழுல ஒரு தடவை போகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவளும் மொத்தத்தையும் கட்டினாள். சீட்டுகள் திறந்தன. கரடியிடம் ராணியும் நாலும். பொதுவில் ஒரு நாலு வந்தது, ஸ்பாஸ் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குமேல் கரடிக்கு ஒன்றும் வரவில்லை. ஏஸ் ஜெயித்தது.

உள்ளறைக்குள் நாற்காலி கவிழ்ந்தது.

"அடியே பவ்லினா! ஏழுக்காரன் ஏழு போடாம ஏஸ் வச்சிருக்கான்டி! அவனுக்கு என்னத்தடி சொல்லிக் கொடுத்த?"

கதவு படாரென்று திறந்தது. படுத்த படுக்கை கன்ச்சோ உள்ளாடையோடு நேராக நின்றான். அவனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர், திரையில் கரடிப் படம். சுவரில் ஒரு தாள். ஸ்பாஸ் ஏழு, கமென் மூன்று, பல் டாக்டர் ஒன்பது என்று வரிசையாக நாற்பது பேர்.

"ஒன்பது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்னு சொன்னாங்களே" என்றார் பல் டாக்டர்.

பவ்லினா அசரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏஸ் தோக்கக் கூடாதுன்னு கேட்டீங்க. யாருக்காவது தோத்துச்சா? சொல்லுங்க."

பல் டாக்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். யாருக்கும் தோற்றிருக்கவில்லை.

"தோக்கலதான்" என்றாள் தோப்ரினா. "மோதவே விடாம எல்லாக் கையையும் உங்க வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுத்துட்டு, தோக்கலைன்னு அதுக்கு மாசம் இருபது வேற வாங்கிக்கிட்டீங்க."

அதன்பிறகு கூட்டம் கட்டணத்தைத் திருப்பிக் கேட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. கன்ச்சோ மட்டும் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் இறங்கி ஓடினான். முதுகுவலி அன்றோடு பூரண குணம்.

செவ்வாய்க்கிழமை ஸ்பாஸ் வீட்டு வாசலில் விறகு இறங்கியது. போக்கர் கணக்கை மூடி, கடவுச்சொல்லை மறந்துவிடச் சொன்னாள் தோப்ரினா. அவனும் மறந்தான். ஈயக்கட்டியைத் தூண்டிலில் கட்டி டான்யூபில் போட்டான். ஒரு கெண்டை மாட்டியது. அந்த ஈயம் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

இதோடு முடிந்தது என்றுதான் ஸ்பாஸும் நினைத்தான். மீனோடு திரும்பும் வழியில் பவ்லினா வீட்டுப் படிக்கட்டில் கமென் நிற்பதைப் பார்த்தான். ஐம்பது லெவாவை உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தான்.

"என்னப்பா, இன்னுமா?"

"இல்லண்ணே, மூணு வெளிய தெரிஞ்சுபோச்சுல்ல. அதான் வேற நம்பர் போட்டுத் தரச் சொல்லலாம்னு."

மாடியில் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கமெனும் மற்ற முப்பத்தெட்டு பேரும் மறுபடி அந்த முக்காலியில் உட்காருவார்கள். உட்காரட்டும். ஆனால் தலைக்கு மேலே சட்டியைப் பிடிக்கிறவளிடம் குனிந்து கொடுப்பதற்கு முன்னால், தலைக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.