கேம் பெட்டிக்குப் பவர் சப்ளை மாற்றிய விவரம்

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை கவியரசனுக்கு, தாய்மாமன் பிச்சை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மருமகள் வனிதா போனில் எழுதுவது. மாப்ளே, எப்படி இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? அங்கிட்டு மழையா வெயிலா? இங்கே நானும் ஒன் அம்மா ராசாத்தியும் சுகமாக இருக்கிறோம். செவலை ஆடு மட்டும் இரண்டு நாளாக அசை போடவில்லை, அதற்கும் கசாயம் ஊற்றியாயிற்று. நான் போனில் பேச ஆரம்பித்தால் ஒன் வேலை போய்விடும், நடந்ததைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள் என்று நீ சொன்னபடி சுருக்கமாகவே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். அங்கே கடையை மூடிய ஒருத்தரிடம் நீ ஆசைப்பட்டு வாங்கி, கப்பலில் ஏற்றி அனுப்பி, நம் வீட்டு முன்னறையில் நிறுத்திவிட்டுப் போனாயே ஒரு பழைய கேம் பெட்டி, ஆளுயரத்துக்கு, நெஞ்சில் டிவியும் இடுப்பில் ஒரு குச்சியும் பட்டன்களுமாக, அது திடீரென்று செத்துப்போய்விட்டது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் பவர் சப்ளைதான் போயிருக்கும், அதை மாற்றினால் போதும் என்று நீ சொன்னாய். மெட்ராஸில் ஒன் கூட்டாளி செம்மல் விளையாட்டுக் கடை திறக்கப் போகிறார், பெட்டி ஓடினால்தான் ஒன்னைப் பங்காளியாகச் சேர்ப்பார், சேர்த்தால்தான் நீ சிங்கப்பூரைவிட்டு ஒரேயடியாகக் கிளம்பி வருவாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன் அம்மாவிடமும் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், "மெட்ராஸுக்கு வந்தா அது வந்த கணக்காண்ணே? சிங்கப்பூருன்னா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கண்டிப்பா வாரான். மெட்ராஸுன்னா இந்தா வாரேன், நாளைக்கு வாரேன்னே காலத்த ஓட்டிருவான்" என்றாள். அவள் கிடக்கிறாள், நான் வேலையில் இறங்கினேன்.

நீ சொன்ன சாமானுக்கு வனிதா போனிலேயே ஆர்டர் போட்டாள். கூரியரும் வந்தது. பிரித்தால் உள்ளே பச்சைக் குழந்தைக்கு வைக்கிற தலையணை. நல்ல தலையணைதான், குறை சொல்லக்கூடாது, மத்தியானம் நான்கூட வைத்துப் பார்த்தேன். ஆனால் அதை வைத்துப் பெட்டி ஓடாதே. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, நீ வீடியோவில் காட்டியபடி பிளக்கைப் பிடுங்கிப்போட்டு, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, பின்கதவைத் திறந்து, எந்த ஒயர் எங்கே என்று வனிதா போட்டோ எடுத்த பிறகு, செத்த சப்ளையைக் கழற்றி மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே நிலவழகன் என்று ஒரு தம்பி, மீன்பிடி போட்டுகளுக்கு வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் பழுது பார்க்கிறவன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "கருகிருச்சுண்ணே. இந்தா பாருங்க, கெப்பாசிட்டரு அசீரணம் புடிச்சவன் மாதிரி உப்பிக்கிட்டு நிக்கிது" என்று காட்டினான். மாற்று கேட்டேன். "எங்களுக்குப் பன்னெண்டு வோல்ட்டு தெரியும், இருபத்துநாலு தெரியும். நீங்க அஞ்சு கேக்குறீங்க. அஞ்ச வச்சு ஒரு நண்டக்கூட புடிக்க முடியாதுண்ணே" என்றான். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் நாலு சங்கரா மீனைக் கொடுத்தான். மீனும் பவர் சப்ளையும் ஒரே பையில் வந்ததில், அன்றையிலிருந்து தெருவில் இருக்கிற பூனையெல்லாம் அந்தச் செத்த சப்ளையைச் சுற்றி வருகின்றன. குழம்பு நன்றாக இருந்தது. ஒன் அம்மா புளி கொஞ்சம் கூட ஊற்றிவிட்டாள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் நம்ம லைட் செட்டு உதயசூரியன் நினைவுக்கு வந்தான். கல்யாணம், திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவன். நம் கோயில் வாசலில் பனைமர உயரத்துக்கு அம்மன் உருவம் பல்புகளாக எரியுமே, அந்த போர்டு அவனுடையது. நீ போட்டோவில் எழுதி அனுப்பியதைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "பெரியப்பா, ஒங்க பெட்டி கேக்குறதும் எங்க அம்மன் கேக்குறதும் ஒண்ணுதான். ஒடம்பு பூரா அஞ்சு வோல்ட்டு, கண்ணு ரெண்டுக்கு மட்டும் பன்னெண்டு." கோடவுனில் போர்டு குப்புறப் படுத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டு, அதன் முதுகிலிருந்து ஒரு சப்ளையைக் கழற்றி எடுத்தான். அவன் கும்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப அம்மனுக்கு?" என்றேன். "திருவிழாவுக்குள்ள வேற வாங்கி மாட்டிர்றேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து மாட்டினான். ஒரு பக்கம் திருகுத் துளை சேர்ந்தது, மறுபக்கம் சேரவில்லை, அந்தப் பக்கத்துக்கு என் பழைய பெல்ட்டை அறுத்து இறுக்கிக் கட்டினோம். அஞ்சுக்கு மேல் ஏறினால் பெட்டியின் மூளை கருகிவிடும் என்று நீ சொன்னதை நான் நூறு தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "பெரியப்பா, மூளை ஒயர இன்னும் மாட்டவே இல்ல, பேசாம இருங்க" என்று அதட்டிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தான். அஞ்சரை காட்டியது. எனக்கு வேர்த்துவிட்டது. சப்ளையின் ஓரத்தில் மூக்குத்தித் திருகு மாதிரி ஒன்று இருக்கிறது மாப்ளே, அதை அவன் பைய்யத் திருப்பத் திருப்ப இறங்கி வந்து அஞ்சில் நின்றது. பிறகு எல்லா ஒயரையும் மாட்டி சுவிட்சைப் போட்டான். பெட்டி பாட்டுப் பாடியது. குச்சியை ஆட்டினால் விமானம் ஆடியது, பட்டனை அமுக்கினால் குண்டு வெடித்தது. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஒன் அம்மா எட்டிப் பார்த்தாள். "உசுரு வந்துருச்சா?" என்றாள். "வந்துருச்சு" என்றேன். "அப்ப மெட்ராஸுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தோடு முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை கோயிலில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊரைவிட்டு வெளியே போய்த் தங்கக்கூடாது என்பது ஒனக்கே தெரியும். போன வருசம் ஒருத்தர் தாலுகா ஆபீசுக்குப் போய், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, படுத்தால் நம் ஊரில்தான் படுப்பேன் என்று அறந்தாங்கியிலிருந்து நடந்தே வந்தார், வந்து சேர்ந்தபோது எல்லாரும் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அது கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உதயசூரியன் வாசலில் வந்து நின்றான். புதிய சப்ளை எங்கேயும் கிடைக்கவில்லையாம், கையிருப்பில் இருந்ததெல்லாம் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டில் எரிகிறதாம்.

"பெரியப்பா, அதக் கழட்டிக் குடுங்க. அம்மன் இருட்டுல நிக்கிறா."

"எம் மாப்ளே சிங்கப்பூருல நிக்கிறான்டா. அளந்து வச்சத யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"அம்மனவிட ஒங்க மாப்ள பெருசா?"

நல்ல வேளையாகக் கோயில் கமிட்டி அடைக்கலம் அந்தப் பக்கம் வந்தார். விவரம் கேட்டார். "ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்காதீங்கப்பா. சாமானத்தக் கழட்ட வேணாம். பெட்டியத் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டாங்க, அங்கிட்டு ஒயர இழுத்துக்குவோம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆறு பேர் சேர்ந்து வேனில் ஏற்றி, என் வேட்டியை மடித்து அண்டை கொடுத்து, பெட்டியை போர்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். உதயசூரியன் ஒயரை இழுத்தான், சுவிட்சைப் போட்டான், அம்மன் ஜெகஜ்ஜோதியாக எரிந்தாள்.

வண்டியில் குலுங்கி வந்ததே, பெட்டிக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று எனக்கு ஒரு கவலை. ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம் என்று பட்டனை அமுக்கினேன். குண்டு வெடித்தது. வாசல் பக்கமிருந்து குலவைச் சத்தம். இன்னொரு குண்டு போட்டேன், இன்னொரு குலவை. அடைக்கலம் ஓடி வந்தார். "யாருய்யா அது! நிறுத்தாத, நிறுத்தாத! அம்மா கண்ணு சிமிட்டுறா!" உதயசூரியன் பார்த்துவிட்டுச் சொன்னான், குண்டு வெடிக்கிற சத்தத்துக்கு ஸ்பீக்கரும் அதே பன்னெண்டு வோல்ட்டிலிருந்து கரண்டை இழுக்கிறதாம், அந்த நேரம் கண் பல்புக்குப் பத்தாமல் ஒரு தடவை மங்கி எரிகிறதாம். நான் யாரையும் ஏமாற்றவில்லை மாப்ளே. முன்னால் நின்ற உண்ணாமலை ஆத்தாவிடம் போய், இன்ன மாதிரி, ஸ்பீக்கர்தான் இழுக்குது என்று ஒயரைக் காட்டியே சொன்னேன். "அவ இழுக்கச் சொன்னா, அது இழுக்குது. நீ போயி ஆடு" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நாற்காலி, ஒரு பேன், கேட்டபோதெல்லாம் பன்னீர் சோடா. வேறு ஆளைப் போட்டும் பார்த்தார்கள். அடைக்கலம் மகன் வெற்றிசெல்வன் ஒரே மூச்சில் மூணு விமானத்தையும் தொலைச்சிட்டு வந்துட்டான். நெதானம் வேணும் மாப்ளே, அது நம்மகிட்டதான் இருக்கு. மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, பெட்டிக் குச்சியில மஞ்சக் கயிறு தொங்குது. யாரோ பெட்டிக்கும் காப்புக் கட்டிவிட்டிருக்காங்க. அடைக்கலத்துகிட்ட முறையிட்டேன். "கட்டுனது கட்டுனதுதான் பிச்சை. திருவிழா முடியாம எல்லையத் தாண்டிப் போயித் தங்கக்கூடாது" என்று சொல்லிட்டார்.

நீ இதுக்கெல்லாம் பதற வேணாம். உதயசூரியனுக்கு வேற சப்ளை கெடச்சிருச்சு. பெட்டியும் வீட்டுக்கு வந்துருச்சு. இப்போ நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னாடிதான் நிக்குது, வேணும்னா வனிதாவைக் கேட்டுக்க. செம்மல் தம்பிகிட்ட பெட்டிய ஏத்த லாரியை அடுத்த வாரம் அனுப்பச் சொல்லு, அவசரமே இல்ல. நீயும் தைரியமா மெட்ராஸுக்கு டிக்கெட்டு போட்டுக்க. ஒன் அம்மா ஏதாவது சொல்லுவா, அதை நான் பாத்துக்கிறேன். நீ போற எடமெல்லாம் கரண்டு நிக்காம இருக்கணும், ஒன் கை தொட்ட சாமானெல்லாம் ஓடணும், ஒன் மனசுக்கேத்த பொண்ணு ஒருத்தி கூடிய சீக்கிரமே

"பிச்சைண்ணே! எம்புட்டு நேரந்தான் லெட்டரு எழுதுவீங்க? சனமெல்லாம் காத்துக் கெடக்கு, அம்மா கண்ணு சிமிட்டவே மாட்டேங்குறா! ஓடியாங்க!"

வாரேன்ப்பா, வாரேன். வனிதா, நீயே முடிச்சிரு, மாமனோட ஆசீர்வாதம்னு போட்டு, ஒன் அண்ணனுக்கு நம்ம

பின்குறிப்பு: கவி அண்ணே, நான் வனிதா. மாமா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடிட்டாங்க. அவங்க முதுகுக்குப் பின்னாடி பெட்டி நின்னது நெசம்தான். ஆனா நாங்க இவ்வளவு நேரம் உக்காந்திருந்ததே கோயில் பந்தல்லதான். வேற சப்ளை எதுவும் வரல. லாரியை அடுத்த வாரம் அனுப்ப முடியாது, அது நேத்தே வந்து கோயில் பக்கத்துல நிக்குது. செம்மல் அண்ணனும் அதுலதான் வந்தாங்க. ஒங்க அம்மா அவங்களுக்கும் டிரைவருக்கும் எலை போட்டு, வயிறு நிறையச் சோறு போட்டு, கைய நீட்டச் சொல்லி ரெண்டு பேருக்கும் காப்புக் கட்டிவிட்டுட்டாங்க. பெட்டிக்குக் கட்டுனதும் அவங்கதான். கட்டுனப்புறம்தான் அடைக்கலம் அண்ணன் போய், திருவிழா முடியுற வரைக்கும் வெளியூர்ல தங்கக்கூடாதுன்னு விவரத்தைச் சொன்னார். செம்மல் அண்ணன் முதல்ல கொஞ்சம் சத்தம் போட்டாங்க. அப்புறம் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தாங்க. இப்ப மாமாவுக்கு அடுத்த முறை அவங்களுக்குத்தான். மெட்ராஸ்ல இந்தப் பெட்டி முன்னாடி நாலு பேர் நின்னா பெருசு, இங்க ஊரே நிக்குதேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இங்க பக்கத்துல மீமிசல்ல பஸ் நிக்கிற இடத்துக்கிட்ட ஒரு கடை காலியா இருக்குன்னு உதயசூரியன் கூட்டிப்போய்க் காட்டிட்டு வந்தார். ஒங்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணுமாம், ராத்திரி போன் பண்ணுவாங்க, எடுங்க.

ஒங்க அம்மாகிட்ட ஏதாவது எழுதணுமான்னு கேட்டேன். டிக்கெட்டைத் திருச்சிக்குப் போடச் சொல்லுன்னு மட்டும் சொன்னாங்க.