தாச்சியில் வறுத்த ஈயச் சன்னம்

தனக்குப் பொறாமைக் குணமே இல்லை என்று சொல்பவனுக்கு இன்னும் சகலன் வாய்க்கவில்லை என்று அர்த்தம். எனக்கு வாய்த்தவன் யோகன், என் மனைவி வதனியின் தங்கையைக் கட்டியவன். ஸ்காபரோவில் நான் வேலைசெய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்கு அவனைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதும் நான்தான். (என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.)

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் போர்மன் டேவ், பகல் ஷிப்றுக்கு ஒரு சுப்பவைசரைத் தேடிக்கொண்டிருந்தார். ஏழு வருடம் அங்கே வெந்துபோனவன் நான், அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தேன். ஆனால் நேற்று வந்த யோகன் சனிக்கிழமைதோறும் டேவின் காரில் ஏறி ஊருக்கு வெளியே துவக்குச் சுடும் கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே மண் தட்டுகளை மேலே எறிந்து சுடுவார்களாம். துவக்குச் சத்தமே வேண்டாமென்று நாட்டைவிட்டு ஓடிவந்தவன் நான். அப்படியிருந்தும், என்னை ஏன் சுடக் கூப்பிடவில்லை என்று எனக்கு அழுகை வந்தது.

ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த யோகன், என் இறைச்சிக்கறியைத் தின்றபடியே டேவின் புகழ் பாடினான். டேவ் தன் தோட்டாக்களைத் தானே செய்கிறவராம், உள்ளே போடும் சன்னம் என்கிற சின்ன ஈயக் குண்டுகள் உட்பட.

"அண்ணை, மெதுமையான ஈயச் சன்னமெண்டா துவக்குக் குழலுக்குள்ளயே நசுங்கிப்போம். வெளிய வந்து கண்டபடி சிதறும். இறுகின சன்னம்தான் உருண்டை குலையாம நேராப் போகும். டேவ் அதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கொண்டு இருக்கிறார்."

"அதை எப்பிடி இறுக்கிறது?" என்று, அக்கறையில்லாதவன்போல் கேட்டேன்.

"நல்லாச் சூடாக்கி, உருக முந்திப் பச்சைத்தண்ணியில கொட்டவேணுமாம். அந்தச் சூட்டைப் பிடிக்கிறதுதான் கஷ்டமாம்."

"யோகனுக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு!" என்றாள் வதனி. கல்யாணம் கட்டி ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது என்னைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பாளா?

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், வதனி வேலையில் நின்ற நேரம், டேவுக்கு இறுகின சன்னம் செய்து கொடுக்கும் காரியத்தில் இறங்கினேன். கடையில் வாங்கிய ஈயச் சன்னம் ஒரு பை தயார். நாங்கள் இருந்தது மல்வேர்னில், எட்டாம் மாடியில். முதல் வேலையாக, புகை பட்டால் அலறும் மணிக்குப் பிளாஸ்ரிக் பை கட்டினேன். (மிளகாய்த்தூள் வறுக்க முதல் எங்கள் சனம் எல்லாரும் செய்கிற வேலைதான்.) வதனியின் பெரிய தாச்சியை அடுப்பில் வைத்துச் சன்னத்தைக் கொட்டினேன். பார்க்கக் கடுகு மாதிரியே இருந்தது. கடுகு என்றதும் கை தானாக நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் போய்விட்டது. அடிப்பிடிக்கக்கூடாது பாருங்கள், மூன்று கரண்டி விட்டு, மர அகப்பையால் பக்குவமாகக் கிளறினேன்.

கிளறக் கிளற, டேவ் எனக்குக் கைகொடுப்பது கண்ணுக்குள் தெரிந்தது. தூரத்தில் யோகன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அந்த மூஞ்சியை இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குள் அடியில் இருந்த ஈயம் உருகி, எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது.

பச்சைத்தண்ணி! தாச்சியை அப்படியே தூக்கித் தண்ணீர் நிரப்பிய சிங்குக்குள் போட்டேன். படார் என்று ஒரு வெடி. மேல்கூரை முழுக்க வெள்ளிப் பொட்டு. என் மீசையில் பாதியைக் காணவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். என்னோடு சேர்ந்து புகையும் ஓடிவர, கட்டடத்து மணி அலறத் தொடங்கியது.

பதினான்கு மாடிச் சனமும் கீழே இறங்கி நின்றது. தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. ஐந்தாம் மாடி அன்ரி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கத்தினார்.

"ஆரப்பா இந்த நேரத்தில தூள் வறுத்தது?"

"வதனிதான் அன்ரி," என்றேன். (என்ன பிறவியப்பா நான்!)

"இஞ்சேருங்கோ, நான் இப்பதானே வேலையால வாறன்!" பின்னால் திரும்பினால், பஸ்ஸால் இறங்கிய வதனி சாப்பாட்டுப் பையோடு நிற்கிறாள்.

நான் சனத்துக்குள் நழுவப் பார்க்கும்போது டேவின் கார் வந்து நின்றது. டேவும் யோகனும் இறங்கினார்கள். யோகன் சிரித்தபடி ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, நீங்கள்தான் சுப்பவைசர்! மூண்டு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களைப் பற்றித்தான் இவருக்குச் சொல்லிக்கொண்டு வாறனான். தானே நேரில சொல்லவேணுமெண்டு வந்திருக்கிறார். ஏன் அண்ணை, மீசைக்கு என்ன நடந்தது?"

மிச்ச மீசையைக் கையால் பொத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு தீயணைப்பு வீரர் தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஈயம் அடியில் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. நடுவில் அகப்பை நட்டுவைத்த மாதிரி நின்றது.

டேவ் கிட்டப் போய் அகப்பையை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், மிக மரியாதையாகக் கேட்டார்: "ஏழு வருடமாகப் பிளாஸ்ரிக்கைச் சரியான சூட்டில் உருக்குவதுதானே உன்னுடைய வேலை?"

திங்கட்கிழமை யோகன் சுப்பவைசர் ஆனான். அவன் வேண்டாமென்று எவ்வளவோ மறுத்தானாம். (அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.) அதற்குப் பிறகு லீவு வேண்டுமென்றால் அவனிடம்தான் போய் நின்றேன். வதனி, ஈயம் தெறித்ததென்று அடுப்படியில் இருந்த சட்டி பானை அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கொண்டாட்டமென்றாலும் யோகன் எழும்பி இந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். டேவ் மாதிரிக் கதைத்து, அன்ரி மாதிரிக் கத்தி, என்னைப்போல் திருதிருவென்று முழித்துக் காட்டுவான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். போன மாதம் என் மகளின் கல்யாணத்தில், இந்தமுறை நானே சொல்கிறேன் என்று ஒலிவாங்கியை வாங்கினேன். கதை அடுப்படிக்குப் போகுமுன்னமே வதனி என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"நீங்கள் விடுங்கோ. அதை யோகன் சொன்னாத்தான் நல்லாயிருக்கும்."