பால்மிராவின் விக்கல்

ஓப்பராவின் இரண்டாம் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் பாடகி பால்மிராவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

"வறுத்த மீன், மேஸ்ட்ரோ. தின்னிருக்கவே... ஹிக்... கூடாது."

இசையமைத்த மேஸ்ட்ரோ ஒரெஸ்தே அவளைப் பார்த்தபடி நின்றான். கால் மணி நேரத்தில் மூன்றாம் அங்கம். கன்னிகாஸ்திரீ உடையில், முகத்தை மூடிய வெள்ளை முக்காட்டோடு அவள் ஒரு பாட்டுப் பாடிச் சாக வேண்டும். அந்தப் பாட்டை அவன் தன் மனைவி லிவியாவின் குரலுக்கு எழுதியிருந்தான். உச்சி ஸ்வரம் லிவியாவுக்கு மட்டுமே எட்டும். அவள் மார்ச்சில் இறந்துபோனாள். ஒத்திகையில் பால்மிராவுக்கு அது ஒருநாளும் எட்டவில்லை.

கம்பெனி முதலாளி திரெல்லி வந்தார். "பாட்டை வெட்டிடுங்க. சும்மா செத்தாப் போதும்."

"முடியாது." லிவியாவுடையது என்று வேறெதுவும் அவனிடம் மிச்சமில்லை.

"அப்ப விக்கலை நிறுத்துங்க. விக்கிக்கிட்டே செத்தா மேல்மாடியில உக்காந்து பாக்கிறவங்க விசிலடிச்சே விரட்டிடுவாங்க. நாளைக்கு இந்த ஓப்பராவே கிடையாது."

வினிகரில் சர்க்கரை கலந்து கொடுத்தார்கள். ஏப்பமும் சேர்ந்துகொண்டது. குனிந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். உடுப்பு நனைந்தது. திரெல்லி முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். உடுப்பின் நாடா அறுந்தது.

"பாவி! நான் சாக வேண்டியது மேடையில! ஹிக்!"

பால்மிராவின் பின்னால் உட்கார்ந்து நாடாவைத் தைத்துக்கொண்டிருந்த உடுப்புக்காரி ஜெல்சா சொன்னாள்: "பயமுறுத்திப் பாருங்க மேஸ்ட்ரோ. எங்க வீட்ல அதான் வைத்தியம்."

ஒரெஸ்தேவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"சிஞ்ஞோரா, உங்க பின்னால லிவியா நிக்கிறா."

பால்மிரா திரும்பினாள். ஊசியோடு ஜெல்சாதான் இருந்தாள்.

"நல்லா இருக்கு வேடிக்கை! ஹிக்!" சிரித்தபடி அவன் பக்கம் திரும்பியவள் அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். சிரிப்பு நின்றது. விக்கலும் நின்றது.

மணி அடித்தது. முதல் மூன்று நாளும் இசையமைத்தவனே வாத்தியக்காரர் நடுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வைத்தியம் பலித்தது என்று ஒரெஸ்தே ஓடினான்.

திரை எழுந்தது. வெள்ளை முக்காட்டோடு அவள் வந்தாள். விக்கல் இல்லை. உடுப்பில் ஈரமும் இல்லை. உச்சி ஸ்வரத்தை மூச்சு விடுவதுபோலத் தொட்டாள். அவள் செத்தாள்.

"மறுபடி! மறுபடி!" என்று மேல்மாடி கத்தியது. எழுந்து, மறுபடி பாடி, மறுபடி செத்தாள். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

நன்றி சொல்ல ஒரெஸ்தே மேடைக்குப் பின்னால் ஓடினான். தெருவாசல் பக்கமிருந்து ஜெல்சா வந்தாள். கையில் ஈர உடுப்பு, அதன்மேல் மடித்த வெள்ளை முக்காடு.

"கோவிச்சுக்காதீங்க மேஸ்ட்ரோ. நீங்க போனதுமே சிஞ்ஞோரா இதையெல்லாம் கழட்டி என் கையில திணிச்சுட்டு வண்டியேறி ஓடிட்டாங்க. பின்னாலேயே துரத்திட்டுப் போயும் பிடிக்க முடியல. கடைசியில பாட்டை வெட்டித்தான் முடிச்சீங்களா?"